போதையும் போதனையும்

நமது பாடசாலைகளில் எழுதப்படும் கட்டுரைகளுள் ஒரு வகை உண்டு. அதற்கு உண்மையான ஆசிரியன் இல்லை; உண்மையான வாசகனும் இல்லை; ஆயினும் ஆண்டுதோறும் பரிசு மட்டும் உண்டு. போதைப்பொருளின் தீமை பற்றிய கட்டுரையே அது. ஐக்கிய நாடுகள் சபை 1987இல் பிரகடனப்படுத்திய போதைப்பொருள் எதிர்ப்புத் தினம் யூன் 26ஆந் திகதி வருகிறது. அதற்கு இரு வாரம் முன்பே வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிடும். மாணவன் எழுதுவான், ஆசிரியன் திருத்துவான், அதிபர் சான்றிதழ் வழங்குவார். அடுத்த ஆண்டும் அதே முன்னுரை, அதே முடிவுரை.

இக்கட்டுரை வகையின் குற்றவாளிகளுள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன், கோமாரிக்கு மாற்றலாகி வருமுன், கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பித்தேன். அங்கே பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மாதிரிக் கட்டுரையொன்றை நானே எழுதிக் கொடுத்து மனனஞ் செய்வித்தேன். கூடா நட்பு, கட்டுப்பாடற்ற மனம், மார்க்கப் பற்றின்மை என்ற மூன்றுமே இத்தீமையின் வேர்கள் என்பது அதன் சாரம். வலய மட்டத்தில் அவனுக்கு முதற் பரிசு கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஐஸ் எனப்படும் போதைப்பொருளின் சிறு பொட்டலம் ஒன்றுடன் அதே மாணவன் பொலிசாரிடம் அகப்பட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை, அவனுடைய ஊர்ப் பள்ளிவாசலில் தீர்மானமொன்று வாசிக்கப்பட்டது. போதைப்பொருளுடன் தொடர்புடையோரின் வீட்டுத் திருமணத்துக்குப் பள்ளிவாசல் கடிதம் தரப்படமாட்டாது. அவர்களுடைய ஜனாஸாவில் ஊரவர் பங்குகொள்ள மாட்டார்கள் என்பது அத்தீர்மானம். பெயர் எதுவும் வாசிக்கப்படவில்லை. மூன்றாம் வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்த தந்தைக்குப் பெயர் வேண்டியிருக்கவுமில்லை.

இலக்கியச் சஞ்சிகையில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். ஒரு சமுதாயம் தன் பிரச்சினையைக் கதையாகவே முதலில் விளங்கிக் கொள்கிறது. சட்டமும் கொள்கையும் அந்தக் கதையின் பின்னே வருகின்றன. கதையில் யார் கெட்டவன், யார் நல்லவன், எது காரணம், எது முடிவு என்று வகுக்கப்படுகிறதோ, அவ்வாறே சிறைக்கூடமும் தூக்குமேடையும் வைத்தியசாலையும் வகுக்கப்படுகின்றன. எனவே, போதையைப் பற்றி நமது பிரசங்க மேடையும், பொலிஸ் அறிக்கையும், திரைப்படமும் சொல்லிவரும் கதைகளை விமர்சிப்பது, கதையை விமர்சிப்பதே தொழிலாகக் கொண்டவனின் கடமையாகிறது.

முதலில் பிரசங்க மேடையை நோக்குவோம். இக்கரையோர மக்கள் ஒருமிக்கக் கூடிக் காது கொடுக்கும் இடம் வேறெதுவும் இல்லை. தாய்மாரின் அச்சத்தை அரசாங்கம் அறியுமுன் அறிந்துகொண்டது பள்ளிவாசல்தான். பொலிசார் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது ஏதாவது செய்தாக வேண்டும் என்று எழுந்தவர்களும் நம்பிக்கையாளர் சபையினர்தாம். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அவர்கள் எடுத்த ஆயுதம் யாரைத் தாக்குகிறது என்பதே என் கேள்வி.

கிழக்கிலங்கைக் கரையோர முஸ்லிம்களிடையே குடி வழி தாய் வழியாக வருவது. மகளுக்கு வீடு கொடுத்து மணஞ்செய்விப்பது வழக்கம். அந்த வீட்டைக் கட்டும் பாரம் தந்தையின் தோளிலிருந்து மெல்ல மெல்ல ஆண் மக்களின் தோளுக்கு இறங்குகிறது. என் மாணவன் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியதும், பலநாள் மீன்பிடிப் படகில் ஏறியதும் அவனுடைய ராத்தாவின் வீட்டுச் சுவரை உயர்த்துவதற்காகவே. படகு முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்தான். கடலில் இரவு பகலாக வலை இழுப்பவனுக்கு உறக்கத்தைத் துரத்தும் பொருள் தேவைப்பட்டது. அது படகிலேயே கிடைத்தது. முதலில் ஓசியாக, பின்னர் கடனாக, அதன் பின்னர் கடனை அடைப்பதற்கு அவனே பிறருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையாக. இப்போது தீர்மானத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். ராத்தாவின் திருமணத்துக்காகச் சீரழிந்தவனுக்குத் தண்டனை, ராத்தாவின் திருமணத்தைத் தடுப்பது! பொருளின் உண்மையான உரிமையாளனோ இவ்வூர்ப் பள்ளிவாசலின் கடிதத்துக்குக் காத்திருப்பவனல்லன். மினாராவுக்குக் கிடைத்த நன்கொடை எவ்வழியில் வந்தது என்று விசாரிக்கும் தீர்மானம் ஒன்று வாசிக்கப்பட்டதை நான் இன்னும் கேட்டதில்லை.

மார்க்கத்தின் மரபாவது இவ்வாறு கூறுகிறதா? திர்மிதியின் தொகுப்பில் உள்ள நபிமொழியொன்று, மதுவின் தொடர்பாகப் பத்துப் பேரைச் சபிக்கிறது. பிழிபவன், பிழிவிப்பவன், சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், வாங்குபவன், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவன், அதன் விலையை உண்பவன் என்று விரியும் அப்பட்டியலில் குடிப்பவன் பத்தில் ஒருவன் மட்டுமே. ஏனைய ஒன்பது பேரும் உற்பத்தி, போக்குவரத்து, வாணிபம், இலாபம் என்னும் சங்கிலியின் கண்ணிகள். பொருளாதார நூல் எழுதுபவன்கூட இதனினும் தெளிவாக ஒரு தொழிலின் அமைப்பை வகுத்துவிட முடியாது. ஆனால் நமது மேடையில் அப்பத்துப் பேரில் ஒருவன் மட்டுமே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறான். விலையை உண்பவன் முன் வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கிறான். குடித்ததற்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒருவனை மற்றொருவர் சபித்தபோது நபியவர்கள் அதனைத் தடுத்ததை புகாரி பதிவு செய்துள்ளார். மதுவிலக்கு ஒரே நாளில் இறங்கிய கட்டளையுமன்று: அதன் தீங்கு பயனிலும் பெரிது என்பது முதலில், போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்பது அடுத்து, முழுத் தடை இறுதியில். சமுதாயத்தைப் படிப்படியாக ஆயத்தஞ் செய்த பின்னரே சட்டம் வந்தது. இந்த நிதானத்தை விட்டுவிட்டு இறுதிப் படியை மட்டும் பற்றிக்கொள்வது பக்தியாகலாம், அறிவாகாது.

இனிப் பொலிஸ் அறிக்கையின் கதை. இதன் நாயகன் எண்ணிக்கை. இத்தனை கிலோ, இத்தனை பேர், இத்தனை கோடி. நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, இரண்டு கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்க வழி செய்யப்பட்டது. 2022இல் மீண்டும் திருத்தப்பட்டு, ஐந்து கிராம் ஐசுக்கும் அதே தண்டனை வந்தது. இந்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டது 1976இல். 2019இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் கைதிகள் நால்வரின் மரண ஆணையில் கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆக, நாற்பது ஆண்டுகளாக இச்சட்டத்தில் தூக்குக்கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் கீழேயே ஹெரோயின் கொழும்புத் தோட்டங்களிலிருந்து கரையோரக் கிராமங்களுக்கு நடந்து வந்தது. அதன் பின்னே ஐஸ் வந்தது.

2023 டிசம்பர் 17ஆந் திகதி 'யுக்திய' என்னும் நீதி நடவடிக்கை தொடங்கிற்று. நான்கு வாரங்களுக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டதாகச் சுட்டிக்காட்டி, ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2024 சனவரியில் தன் கவலையைத் தெரிவித்தது. அந்நடவடிக்கையை முன்னின்று நடத்திய பொலிஸ்மா அதிபரை, பிறிதொரு விவகாரம் உள்ளிட்ட தவறான நடத்தைக்காக 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பதவி நீக்கிற்று. அதற்கும் முன்னர், 2020இல், கைப்பற்றிய ஹெரோயினைக் கடத்தற்காரருக்கே விற்றதாகக் குற்றஞ்சாட்டிப் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் அதிகாரிகளே கைது செய்யப்பட்டனர். காவலனும் கள்வனும் ஒரே களஞ்சியத்தின் இரு கதவுகளில் நிற்கும் போது, எத்தனை பேர் பிடிபட்டனர் என்ற எண்ணிக்கை எதனை நிரூபிக்கும்? புனர்வாழ்வு என்ற பெயரும் நம்மை ஏமாற்றிவிடக்கூடாது. 2022 யூனில் கந்தகாடு நிலையத்தில் ஒருவர் இறந்ததையடுத்துக் கலகம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். நோயாளி தப்பியோட நினைக்கும் வைத்தியசாலையை நாம் எப்பெயரிட்டு அழைப்பது?

2025 ஒக்டோபர் 30ஆந் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 'முழு நாடுமே ஒன்றாக' என்னும் தேசியச் செயற்றிட்டத்தை ஆரம்பித்தார். சமயத் தலைவர்களும் அதற்கு அழைக்கப்பட்டனர். பாதாள உலகுக்கும் அரசியலுக்கும் இடையிலுள்ள உறவு வெளிப்படையாகப் பேசப்படுவதை முற்போக்காளர் வரவேற்றே ஆகவேண்டும். அதே வேளை, முழு நாடும் ஒன்றாக எழும்போது அது ராத்தாவின் அரைச்சுவர் வீட்டின்மேல் விழாதிருக்கவும் நாம் விழித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டியுள்ளது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 362 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதாகவும், அவற்றுள் 22 கிழக்கு மாகாணத்துக்குரியவை எனவும் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளிப்படுத்தப்பட்டது. ஒரு கையால் முத்திரை குத்தி மறு கையால் போதனை செய்வது நமது அரசியலின் பழைய வித்தை.

உண்மையில் அது மிகப் பழைய வித்தை. அபினைச் சீனாவில் விற்பதற்காக 1839இலும் 1856இலும் போர் தொடுத்த பேரரசு, இலங்கையில் சாராயக் குத்தகையையும் அபின் கடைகளையும் வருமானமாகக் கொண்டிருந்தது. 1912இல் கள்ளுத் தவறணைகளைப் பெருக்கும் சட்டத்துக்கு எதிராகப் பௌத்த மதுவிலக்கு இயக்கம் எழுந்தது; தேசிய இயக்கத்தின் முதற் குரல்களுள் அதுவும் ஒன்று என்பதை மறுக்க முடியாது. எனினும் சாராயக் குத்தகையால் செல்வம் திரட்டிய வர்க்கத்தின் பிள்ளைகளும் அவ்வியக்கத்தின் மேடைகளில் நின்றனர். 1915இல் கலவரம் முஸ்லிம்களின் கடைகள்மீது பாய்ந்தபோது, அந்நிய வியாபாரியே கேட்டின் ஊற்று என்ற பிரசாரம் முன்னரே செய்யப்பட்டிருந்தது. ஏகாதிபத்தியத்தின் மதுக் கருவூலத்தை நோக்கி எழுந்த கோபம், பக்கத்துத் தெருக் கடைக்காரனின் கூரைக்குத் திசை திருப்பப்பட்டதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

இந்தத் திசைதிருப்பலின் இன்றைய வடிவத்தை அயலில் கேரளத்தில் கண்டோம். 2021 செப்டம்பரில் பாலா மறைமாவட்ட ஆயர் தமது பிரசங்கத்தில், போதைப்பொருளை முஸ்லிம்களின் 'ஜிஹாத்' என்று வருணித்தார். முதலமைச்சர் பினராயி விஜயன் கணக்கால் விடை கூறினார். 2020இல் பதிவான 4,941 வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் 5,422 பேர். அவர்களுள் இந்துக்கள் 2,700, முஸ்லிம்கள் 1,869, கிறித்தவர் 853. போதைக்கு மதம் இல்லை. அதற்குச் சந்தை உண்டு. நம் நாட்டிலும், 2019 ஏப்பிரல் 21ஆந் திகதித் தாக்குதல்களின் பின்னணியில் சர்வதேசப் போதைக் கடத்தற்காரர் இருந்தனர் என்று ஜனாதிபதியே அவ்வாண்டு யூலையில் கூறினார். ஒரு சமூகம் முழுவதுமே சந்தேகத்தின் நிழலில் நின்ற காலம் அது. இத்தகைய சூழலில் பள்ளிவாசல்கள் தம்மைத் தூயவை என நிறுவும் அவசரத்தில் கடுமையான தீர்மானங்களை நாடுவது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் அயலவனின் ஐயத்தைத் தீர்ப்பதற்காகத் தன் பிள்ளையைத் தெருவில் தள்ளும் தாயை எவ்வூர் மெச்சும்?

மூன்றாவது கதை திரைப்படத்தின் கதை. எங்கள் மாணவர் மனத்தில் மற்ற இரண்டையும்விட ஆழமாகப் பதிந்திருப்பது இதுவே. லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'கைதி' 2019இலும், 'விக்ரம்' 2022இலும், 'லியோ' 2023இலும் வெளிவந்தன. மூன்றிலும் போதைக் கும்பலே பகை. அவற்றின் தொழில் நுட்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 'விக்ரம்' படத்தில் போதை எவ்வாறு இடம்பெறுகிறது என்று நோக்குங்கள். நாயகன் குடிகாரனாகவும் போதைக்கு அடிமையாகவும் காணப்படுகிறான். பின்னர் அது அவன் பூண்ட வேடம் என்று தெரிகிறது. வில்லனோ மருந்தைக் கடித்ததும் அசுர பலம் பெற்று எழுகிறான். அதாவது, ஒருவனுக்கு அது வேடம். மற்றவனுக்கு அது வலிமை. அதனால் நோயுற்றவன், கடன்பட்டவன், உழைப்பை இழந்தவன் எவனும் கதையின் நடுவில் இல்லை. காணாமற் போன கொள்கலன்களைத் தேடிக் கதை ஓடுகிறது, பீரங்கிகள் முழங்குகின்றன, இறுதியில் இன்னொரு பெரிய வில்லன் தோன்றுகிறான். ரசிகர் அவனுக்கே கூடுதலாகக் கைதட்டுகின்றனர். எங்கள் வகுப்பறை மேசைகளில் கத்தியால் செதுக்கப்பட்டிருக்கும் பெயரும் 'ரோலெக்ஸ்' என்பதே. நாயகனின் பெயரை நான் கண்டதில்லை.

கற்பனையில் வந்த கொள்கலன் வாழ்விலும் வந்தது. 2025 செப்டம்பரில், தென்னிலங்கை மித்தெனியவில், ஐஸ் தயாரிப்புக்குரியவை எனச் சந்தேகிக்கப்பட்ட இரசாயனங்கள் புதைக்கப்பட்டிருக்கக் கண்டெடுக்கப்பட்டன. கொள்கலனொன்று துறைமுகத்தைக் கடந்து வருவதற்கு எத்தனை கையொப்பங்கள் வேண்டும், எத்தனை கண்கள் மூடிக்கொள்ள வேண்டும் என்பதே கலைஞன் தேட வேண்டிய கதை. பீரங்கி அந்த வினாவைக் கேட்க விடுவதில்லை. இவ்வகையில், 2016இல் அபிஷேக் சௌபே இயக்கிய 'உட்தா பஞ்சாப்' என்னும் ஹிந்திப் படம் ஒரு படி முன்னே சென்றது. வயலில் கூலி வேலை செய்யும் பீகார்ப் பெண்ணொருத்தியையும், மருந்துத் தொழிற்சாலையின் பின்னுள்ள அரசியல்வாதியையும் அது ஒரே கதையில் வைத்தது. தணிக்கைச் சபை பஞ்சாப் என்ற பெயரையே நீக்கச் சொல்லிற்று. பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டுடன் அனுமதித்தது. அப்படமும் முடிவில் துப்பாக்கியிடமே சரணடைந்தது என்பது குறைதான். எனினும், எது சொல்லப்பட்டதற்காக அதிகாரம் சினந்தது என்பதை நமது எழுத்தாளர் கவனிக்க வேண்டும். கொள்ளையரைக் கொல்லும் படத்தை அதிகாரம் ஒருபோதும் சினப்பதில்லை.

திரையில் கைதட்டிய கதை நாட்டை ஆண்டால் என்ன நிகழும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சான்று. 2016இல் பதவியேற்ற துதேர்த்தேயின் ஆட்சியில், பொலிஸ் நடவடிக்கைகளில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது. இறந்தோரிற் பெரும்பாலோர் சேரிவாழ் ஏழைகள். 2025 மார்ச்சில் அவர் கைதாகி ஹேக் நகரின் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆனால் அந்நாட்டிலிருந்து நாம் கற்க வேண்டிய நற்பாடமும் உண்டு. கலூக்கான் மறைமாவட்டத்தின் ஆயர் பப்லோ டேவிட், கொல்லப்பட்டோரின் வீடுகளுக்குச் சென்றார். பங்குத் தேவாலயங்களில், ஊரவரின் நடுவிலேயே, போதையிலிருந்து மீள விரும்புவோருக்கு இடம் அமைத்தார். 2019இல் அவர்மீது அரச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. பின்னர் அது தள்ளுபடியாயிற்று. ஒரு சமய நிறுவனம் இறந்தவனைக் கைவிடுவதற்கும், உயிரோடிருப்பவனைக் கைவிடாதிருப்பதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை இங்கே அளக்கலாம்.

போர்த்துக்கல் 2001 யூலையிலிருந்து, தன் பாவனைக்காகச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ளாது விட்டது. அகப்பட்டவன் நீதிமன்றத்துக்குப் பதிலாக வைத்தியரும் சமூகசேவையாளரும் இருக்கும் சபைக்கு அனுப்பப்பட்டான். விற்பவனுக்குத் தண்டனை அவ்வாறே இருந்தது. ஊசி வழியே பரவிய எயிட்ஸ் நோய்த் தொற்று அங்கு பெரிதும் குறைந்தது. அதனை அப்படியே இங்கு நட்டுவிடலாம் என்று நான் கூறவில்லை. பத்துப் பேரில் யாரைப் பிடிப்பது, யாரைக் குணப்படுத்துவது என்று பிரித்தறியும் அரசு ஒன்று உலகில் இயங்கியது என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி. நமது பள்ளிவாசல்களுக்கும் வழி இல்லாமலில்லை. ஸக்காத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் கடனாளியும் ஒருவன். அந்நிதியால் ஓர் இளைஞனைப் படகு முதலாளியின் முற்பணத்திலிருந்து விடுவிப்பது, நூறு குத்பாக்களின் வேலையைச் செய்யும். அரசாங்க வைத்தியசாலைகளில் போதை நோயாளருக்கு வைத்தியரும் படுக்கையும் கேட்டு நம்பிக்கையாளர் சபையும் கோவில் வண்ணக்கரும் குருவானவரும் ஒன்றாகக் கையொப்பமிட்டால், அம்மனுவை எந்த அமைச்சராலும் எளிதில் மேசைக்கடியில் போட முடியாது. கடலுக்குப் போகும் கோமாரித் தமிழனுக்கும் சாய்ந்தமருது முஸ்லிமுக்கும் ஒரே கடன், ஒரே உறக்கமின்மை.

எழுத்தாளர் செய்ய வேண்டியது யாது? 1954இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியபோது, அதுவரை இலக்கியத்துள் நுழையாத உழைப்பாளி அதனுள் நுழைந்தான். மருதூர்க்கொத்தன் போன்றோர் இக்கரையோரத்து எளிய மனிதரைச் சிறுகதையில் நடமாட விட்டனர். இன்றைய படகுத் தொழிலாளி மட்டும் ஏன் ஒழுக்கப் போதனையின் உதாரணமாகவும் பொலிஸ் அறிக்கையின் எண்ணாகவும் நின்றுவிட்டான்? அவனைப் புனிதனாக்கிக் காட்ட வேண்டாம்; பிறருக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன், அப்பொட்டலத்தால் இன்னொரு தாய் அழுதிருப்பாள். அதனையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பத்துப் பேரையும் ஒரே கதைக்குள் கொண்டுவர வேண்டும்.

விடுதலையாகி வந்தபின் அவனைச் சந்தையில் கண்டேன். மெலிந்திருந்தான். பரிசுக் கட்டுரையை நினைவூட்டியவன் அவனே.

"சேர், நீங்க எழுதித் தந்ததில எல்லாம் சரிதான். ஆனா கடல்ல நித்திரை முழிக்கிறதப் பத்தி ஒண்டும் எழுதல்லயே" என்றான்.

ஒரு விமர்சகன் பல பக்கங்களில் சொல்லக்கூடியதை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். அந்த மாதிரிக் கட்டுரையை நான் இப்போது எந்த மாணவனுக்கும் கொடுப்பதில்லை. இவ்வாண்டுச் சுற்றறிக்கை வந்தபோது, தத்தம் வீட்டில் யார் எப்போது உறங்குகிறார், யாருக்கு எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதி வருமாறு மாணவரிடம் கூறினேன். வந்த கட்டுரைகளுள் எதற்கும் வலயத்தில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவற்றை வாசித்த அன்று இரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. ராத்தாவின் வீடு இன்னும் யன்னல் மட்டத்திலேயே நிற்கிறது.